தரையிறங்கும் நிமிடத்துக்கான காவல்

கொரியப் போரில் ஹெலிகாப்டர் காயம்பட்டவர்களைச் சுமந்து வந்தது. வியட்நாமில் அமெரிக்கர்கள் அதே இயந்திரத்தை, எதிரியின் வாசலிலேயே படையை இறக்கிவிடும் வண்டியாக மாற்றினார்கள். 1961 டிசம்பரில் கப்பலேறி சைகோனுக்கு வந்த சிஎச்-21 ஹெலிகாப்டர்கள் நடுவில் வளைந்த நீண்ட உடலும் இரட்டைச் சுழலியும் கொண்டவை. வேகம் குறைவு, கவசம் இல்லை. தென்வியட்நாம் வீரர்களை ஏற்றிக்கொண்டு மீகாங் ஆற்றுப் பகுதி வயல்களில் இறங்கத் தொடங்கியதுமே அவற்றின் மேல் குண்டுகள் பாய்ந்தன. தாக்குதல் ஹெலிகாப்டரின் கதை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. இன்று அதை டாங்கி வேட்டைக்காரன் என்றே பலரும் அறிவார்கள். ஆனால் அது பிறந்தது காவல் வேலைக்கு. அந்தக் காவலைப் பற்றியும் நம் மனத்தில் ஒரு தவறான படம் இருக்கிறது. கூடவே பறந்து, வழியெல்லாம் பாதுகாத்துச் செல்வதுதான் காவல் என்று நினைக்கிறோம். வியட்நாமின் பத்தாண்டு அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது: காவல் ஹெலிகாப்டரால் காக்க முடிந்தது தரையிறங்கும் ஓரிரு நிமிடங்களை மட்டுமே. அதுவும் அதற்கு முந்தைய வேலையை வேறு யாராவது சரியாகச் செய்திருந்தால்தான்.

1962ல் ஒகினாவாவில் அமெரிக்கத் தரைப்படை ஒரு சிறு பிரிவை உருவாக்கியது. ஹூயி என்று அழைக்கப்பட்ட 15 யுஎச்-1ஏ ஹெலிகாப்டர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள், 16 சிறு ராக்கெட்டுகள். ஆட்களை ஏற்றிச்செல்லச் செய்த ஹூயியின் இரு பக்கத்திலும் ஆயுதத்தைக் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு இறுதியில் இவை சைகோனுக்கு வந்தபோது ஒரு விசித்திரமான கட்டளையும் கூடவே இருந்தது: எதிரி சுட்ட பிறகே சுடலாம். போருக்குள் நேரடியாக இறங்கவில்லை என்று காட்டிக்கொள்ள விரும்பிய அரசுக்கு அது வசதியாக இருந்தது. விமானிகளுக்கோ, முதல் குண்டு தோழனின் ஹெலிகாப்டரைத் துளைக்கும்வரை காத்திரு என்று சொன்னதற்குச் சமம். தரையிறங்கும் ஹெலிகாப்டர் வேகத்தைக் குறைத்து, மூக்கைத் தூக்கி, ஏறக்குறைய நின்றுவிடும் நிலைக்கு வருகிறது. அந்தக் கட்டத்தில் அதனால் விலகவும் முடியாது, வேகமெடுக்கவும் முடியாது. எதிரி முதலில் சுடுவது பெரும்பாலும் அப்போதுதான். எதிரி சுட்ட பிறகு தொடங்கும் காவல் அங்கே பாதிக் காவல்தான்.

1963 ஜனவரி 2 அன்று மீகாங் பகுதியிலுள்ள ஆப் பாக் என்ற கிராமத்தில் நடந்த சண்டை இதற்குச் சான்று. பத்து சிஎச்-21களுக்கு ஐந்து ஆயுத ஹூயிகள் காவல். இரண்டுக்கு ஒன்று என்பது தாராளமான கணக்கு. ஆனால் மரவரிசையிலிருந்து 300 மீட்டராவது தள்ளி இறங்க வேண்டும் என்று அமெரிக்க ராணுவ ஆலோசகர் ஜான் பால் வான் சொல்லியிருந்தும், சுமார் 200 மீட்டரிலேயே இறங்கினார்கள். அந்த மரங்களின் அடியில் நன்கு மறைத்த குழிகளுக்குள் எதிரிகளான வியட்காங் கெரில்லாக்கள் இருந்தார்கள். பறக்கும் ஹெலிகாப்டருக்கு எவ்வளவு முன்னால் குறிவைக்க வேண்டும் என்று அவர்கள் பயிற்சி எடுத்திருந்தார்கள். ஹூயிகள் சுட்டன, ஆனால் எந்தக் குழியைச் சுடுவதென்று தெரியாமல் மரங்களைச் சுட்டன. 15ல் 14 ஹெலிகாப்டர்கள் குண்டடிபட்டன, ஐந்து வீழ்ந்தன. அந்த ஐந்தில் ஒன்று, விழுந்தவர்களை மீட்க இறங்கிய ஒரு காவல் ஹூயி. காவலின் எண்ணிக்கை போதவில்லை என்று இதைப் படிக்க முடியாது. இறங்கும் இடத்தைத் தவறாகத் தேர்ந்த பிறகு, எத்தனை காவல் இருந்தும் பயனில்லை என்றே படிக்க வேண்டும்.

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அமெரிக்கர்கள் பாடத்தைக் கற்றார்கள், அதை நேர ஒழுங்காக மாற்றினார்கள். 1965 நவம்பர் 14 அன்று இயா டிராங் பள்ளத்தாக்கில் எக்ஸ்-ரே என்ற வெட்டவெளியில் இறங்கியபோது முதலில் தொலைவிலிருந்து பீரங்கி. அது நின்றதும் ராக்கெட் ஹெலிகாப்டர்கள். அவற்றின் வாலைப் பிடித்தாற்போல் காவல் ஹெலிகாப்டர்கள். அவற்றுக்குப் பின்னால் துருப்புகளைச் சுமந்தவை. இடைவெளி நொடிக் கணக்கில்தான். குழிக்குள் இருப்பவன் தலையைத் தூக்க நேரம் கிடைக்கக் கூடாது என்பதே முழு நோக்கமும். கொல்வது அவசியமில்லை, குனிய வைத்தால் போதும். காவல் ஹெலிகாப்டர்கள் இரண்டு இரண்டாகப் பறந்ததன் காரணமும் இதுவே: முன்னால் போனது சுட்டுவிட்டுத் திரும்பும்போது அடிவயிறு எதிரிக்குத் தெரியும்; அந்த நேரத்தில் பின்னால் வருவது சுட்டுக்கொண்டிருக்கும்.

ஆனால் ஆயுதமும் குண்டும் சுமந்த ஹூயி கனத்துப்போய், தான் காக்க வேண்டிய புதிய ஹூயிகளைவிட மெதுவாகப் பறந்தது. வெப்பமான நாளில் சில நேராக எழும்ப முடியாமல் ஓடுபாதையில் சறுக்கிப் போய்த்தான் கிளம்பின. இந்தக் குறையைத் தீர்க்கவே கோப்ரா வந்தது. 1965 செப்டம்பரில் முதன்முறை பறந்து, 1967ல் வியட்நாமுக்கு வந்த அந்த ஹெலிகாப்டரில் இருவரும் முன்பின்னாக அமர்ந்தார்கள். உடலின் அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு; முன்னாலிருந்து பார்த்தால் சுடுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. வேகப் பிரச்சினை முடிந்தது. காவல் பிரச்சினை முடிந்ததா?

1971 பிப்ரவரி, மார்ச்சில் லாவோஸுக்குள் நடந்த லாம் சான் 719 என்ற படையெடுப்பு, இல்லை என்றது. தரையில் போரிடும் அமெரிக்க வீரர்கள் எல்லை தாண்டக் கூடாதென்று நாடாளுமன்றம் சட்டம் போட்டிருந்ததால், தென்வியட்நாம் படை அமெரிக்க ஹெலிகாப்டர்களில் போனது. காடும் மலைமுகடும் நிறைந்த அந்த நிலத்தில் இறங்கத்தக்க வெட்டவெளிகள் சிலவே. அவை எவை என்று வடவியட்நாமியருக்கும் தெரியும், சுற்றிலும் 12.7 மி.மீ., 37 மி.மீ. உள்ளிட்ட விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை அவர்கள் நிறுத்தியிருந்தார்கள். மார்ச் 3 அன்று லோலோ என்ற முகட்டில் ஒரு பட்டாலியனை இறக்கும் முயற்சியில் 11 ஹெலிகாப்டர்கள் வீழ்ந்தன, 44 சேதமடைந்தன. மொத்த நடவடிக்கையில் அழிந்தவை நூற்றுக்கும் மேல். இவ்வளவு துப்பாக்கி இருக்கும் இடத்தில் ஹெலிகாப்டர் படையிறக்கம் செல்லாது என்று அமெரிக்க வான்படை வட்டாரத்தில் சொன்னார்கள். தரைப்படையோ, பறந்த தடவைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இழப்பு சொற்பம் என்றது. அந்தக் கணக்கு எனக்கு ஏற்புடையதாக இல்லை; ஆபத்தற்ற இடங்களுக்கு அரிசியும் குண்டும் கொண்டுபோன பயணங்களையும் சேர்த்து வகுத்தால் எந்த இழப்பும் சொற்பமாகவே தெரியும்.

இருந்தாலும் வான்படையினரின் முடிவும் நிற்கவில்லை. லோலோவுக்கு மூன்றே நாள் கழித்து, மார்ச் 6 அன்று, நூற்றுக்கும் மேற்பட்ட ஹூயிகள் தென்வியட்நாமின் கே சான் தளத்திலிருந்து போய், லாவோஸின் செபோன் நகருக்கு அருகே இரண்டு பட்டாலியன்களை இறக்கின. அதே கோப்ராக்கள், அதே எதிரி. வீழ்ந்தது ஒரே ஒரு ஹெலிகாப்டர். வித்தியாசம், போகும் முன்பே பி-52 குண்டுவீச்சு விமானங்கள் அந்தப் பகுதியை உழுதிருந்தன. அங்கே எதிரியின் துப்பாக்கிகள் குறைவாக இருந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம், கேள்வி நியாயமானது. அப்படியே இருந்தாலும் இடத் தேர்வு சரியாக அமைந்தது என்றுதான் பொருள். ஆப் பாக்கில் கோட்டைவிட்டது அதைத்தானே. இரண்டு விளக்கங்களில் எதை எடுத்தாலும், கோப்ராவின் திறமை லோலோவில் குறைந்து செபோனில் கூடியதாகச் சொல்ல வழியில்லை.

1972ல் வடவியட்நாம் படையினரின் தோளில் வெப்பத்தைத் தேடிவரும் எஸ்ஏ-7 ஏவுகணை ஏறியது. தலையைக் குனிய வைக்கும் தந்திரத்துக்கு அது கட்டுப்படவில்லை. இறங்குமிடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும் ஒரே ஆள் போதும், பயணவழி முழுவதும் ஆபத்தாகிவிடும். அதிலிருந்து தப்ப ஹெலிகாப்டர்கள் மர உச்சிகளை உரசும் உயரத்துக்கு இறங்கின. ஹூயியின் எஞ்சினிலிருந்து பின்பக்கமாக வெளியேறிய சூட்டை, மேலே சுழலியின் காற்றுக்குள் திருப்பிவிடும் வளைந்த குழாயைப் பட்டறைகளில் அவசரமாகப் பொருத்தினார்கள்.