சுமைதாங்கியும் வழியம்பலமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே திருவனந்தபுரத்தினின்று திருநெல்வேலிக்குப் புறப்பட்டவர் நெய்யாற்றின்கரை, குழித்துறை, தக்கலை, நாகர்கோவில் வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி என்று ஊர்ஊராகச் செல்வர். தொலைவு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். திருநெல்வேலிக்கு ரயில் 1876இல் வந்தது. திருவனந்தபுரத்திற்கோ 1918இல்தான் வந்தது. அதுவரை மாட்டுவண்டியும் கால்நடையுமே பெரும்பாலோர்க்குத் துணை.

அக்காலத்தில் அமெரிக்க நாட்டுக் குதிரைவண்டிப் பாதைகளில் மதுவும் உணவும் படுக்கையும் விலைக்குத் தரும் விடுதிகள் இருந்தன. நம் பாதையிலோ தங்குமிடம் பெரும்பாலும் அறமாகவே வளர்ந்தது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க வழியம்பலம்; அருகே கிணறு; கோடையில் நீர்மோர் வழங்கும் தண்ணீர்ப்பந்தல்; இவற்றோடு சுமைதாங்கி.

சுமைதாங்கி என்பது இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு. தலைச்சுமையோடு வருபவர் பிறர் கைத்துணையின்றி இறக்கவும் மீண்டும் ஏற்றவும் ஏற்ற உயரம் அதற்கு உண்டு. மலையாளத்தில் இதனை அத்தாணி என்பர். அப்பெயரால் வழங்கும் ஊர்களும் கேரளத்தில் உள. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக உறவினர் இதனை நடுவது வழக்கமாக இருந்தது. அவள் இறக்கி வைக்காத சுமை, வழிப்போக்கர் சுமை இறங்குந்தோறும் தணியும் என்பது அவர்தம் நம்பிக்கை.

ஆயினும், இவ்வறத்திற்கும் எல்லை இருந்தது. திருவிதாங்கூர் அரசின் செலவில் நடந்த ஊட்டுப்புரைகளில் இலவச உணவு பெற்றவர் அந்தணர். 1871இல் சாமுவேல் மட்டீர் என்ற பாதிரியார், 'தரும பூமி' என்று பொருள்படும் பெயரில் இந்நாட்டைப் பற்றி நூல் எழுதினார். அத்தருமம் உழைப்பவரைச் சென்று சேராமையையும் அதிலேயே கடிந்துரைத்தார். உணவு மட்டுமன்று, சாலையே பலருக்கு மறுக்கப்பட்டிருந்தது. வெங்ஙானூர் அய்யன்காளி 1893இல் வில்வண்டியேறிப் பொதுச்சாலையில் சென்று அத்தடையை மீறினார். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கே போராட்டம் நடந்தது, ஈ. வெ. ராமசாமி அதில் சிறை சென்றார். 1936இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் பிறந்தது.

நேயர்களே, பிழைப்பின் பொருட்டுப் பிறமாநிலங்களில் வாழும் நமக்கு, முன்பின் அறியாத ஊரில் சுமையை இறக்கிவைக்க ஓரிடம் கிடைப்பதன் அருமை நன்கு தெரியும். அவ்விடத்தைப் பெற்றவர் அடுத்து வருபவருக்கும் அதனை அளித்தல் வேண்டும். வருபவர் யார் என்று வினவும்போதே அறம் குறைந்துவிடுகிறது. இப்பழைய பாதையின் வரலாறு உணர்த்துவது இதுவே.