விருதுக்கு முந்தியது மேடை

கர்நாடக இசைப் பாடகர் நெய்யாற்றின்கரை வாசுதேவனுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது 2004இல். அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவரான பாறசாலை பொன்னம்மாளுக்கு அதே விருது 2017இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 92. மாணவர் முந்த, ஆசிரியை 13 ஆண்டு பிந்தினார். களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. 1956இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கேரளத்தில் தங்கிவிட்ட வட்டாரம் இது. இரு ஊர்களும் தந்த இந்த இரு பெயர்களை விருதுப் பட்டியலின்படி வரிசைப்படுத்தினால் வரலாறு தலைகீழாகிவிடும்.

வாசுதேவன் கச்சேரி வித்துவான், திருவனந்தபுரம் வானொலிக் கலைஞர். பொன்னம்மாளோ ஆசிரியை, ஆகவே தாமதம் இயல்புதானே என்று கேட்கலாம். ஆனால் அவர் ஏன் ஆசிரியையாகவே அறியப்பட்டார்? சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் படித்து அங்கேயே முதல் பெண் ஆசிரியை ஆனவர், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். தேர்வும் பணிமூப்பும் தீர்மானித்த இடங்களில் அவருக்குக் கதவு திறந்தது. அழைப்பு தீர்மானித்த இடத்தில் திறக்கவில்லை. அந்த இடம் திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபம். ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, குமாரகோவில் முருகனோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் பாறசாலை வழியே பவனி வந்து, நெய்யாற்றின்கரையில் இரவு தங்கி, அந்த மண்டபத்துக்குப் போகிறாள். கலைமகள் போகும் பாதையில் பிறந்த பெண்ணுக்கு அங்கே பாட 2006 வரை இடமில்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்து இளவரசர் ராமவர்மாவின் முயற்சியால் பொன்னம்மாள் அங்கே பாடியபோது அவருக்கு வயது 81. (வேடிக்கை என்னவென்றால், கொலுவிருப்பதே ஒரு பெண் தெய்வம்!)

மண்டபக் கச்சேரி வழிபாடு, அதை விருதோடு ஒப்பிடலாமா என்பது அடுத்த ஆட்சேபம். வழிபாடுதான், கைதட்டல்கூட அங்கே கிடையாது. சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் முடியும் ஒன்பது இரவுக்கும் ராகம் முன்பே வகுக்கப்பட்டது, பாடல்கள் சுவாதித் திருநாளுடையவை. பாடகரின் விருப்பத்துக்கு இவ்வளவு குறைவாக இடம் தரும் மேடைக்கு வித்துவான்கள் காத்திருந்தார்கள் என்றால், அவர்கள் தேடியது அங்கீகாரத்தைத்தானே? விருதுக்குழு ஏற்கெனவே கேட்டறிந்த பெயரைத்தான் எடுக்கும்; அந்தப் பெயரைக் கேட்கச் செய்வது மேடை. 2006க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்: 2009இல் குருவாயூர் தேவஸ்வத்தின் செம்பை விருது, 2017இல் பத்மஸ்ரீ. மண்டபம் மட்டுமே இவற்றுக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். அவரது சாரீரம் அந்த வயதிலும் கட்டுக்குலையாமல் இருந்ததும் காரணம். அதே சாரீரம் நாற்பது வயதிலும் இருந்ததே என்பதற்குத்தான் விருது தருபவர்களிடம் பதில் இல்லை. பத்மஸ்ரீ பெற்று நான்கு ஆண்டுகளில், 2021இல், அவர் மறைந்தார். வாசுதேவன் 2008லேயே போய்விட்டதால், தம் ஆசிரியை அந்த விருதைப் பெற்றதை அவர் காணவில்லை.