ஹவுராவின் இரண்டாம் பொத்தான்

கணினி இடைமுகங்களைப் பற்றி எழுதுவோர், ஒரே வேலைக்கு இரண்டு பொத்தான்கள் இருப்பதைப் பெரும்பாலும் பிழையாகவே கருதுவர். விண்டோஸ் 95இல் கணினியை நிறுத்துவதற்கும் 'தொடங்கு' என்னும் பொத்தானையே அழுத்த வேண்டியிருந்தது. அது குழப்பும் பொத்தான். குழப்பும் பொத்தானும் மிகையான பொத்தானும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மேசைக் கணினிக்கு முந்திய ஓர் இடைமுகம் தெளிவாகக் காட்டுகிறது. அது ரயில் நிலையங்களின் சிக்னல் பலகை. 1854இல் வங்கத்தின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ஹவுராவிலிருந்தே அதன் கதையைத் தொடங்கலாம்.

பலகைக்கு முன்பு நெம்புகோல்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று முரணான சிக்னல்களை ஒரே நேரத்தில் இயக்க முடியாதபடி நெம்புகோல்களைப் பிணைக்கும் முறைக்கு ஜான் சாக்ஸ்பி 1856இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரைத் தாங்கிய சாக்ஸ்பி அண்ட் ஃபார்மர் நிறுவனம் பின்னாளில் ஹூக்ளி ஆற்றின் மறுகரையில், கொல்கத்தாவில், தொழிற்சாலை நடத்தியது. நெம்புகோல்கள் நிறத்தால் பிரித்தறியப்பட்டன: நிறுத்தச் சிக்னலுக்குச் சிவப்பு, தண்டவாளப் பாதையை மாற்றும் பாயிண்டுக்குக் கறுப்பு, பூட்டுக்கு நீலம். வேலையற்ற உதிரி நெம்புகோலுக்கு வெள்ளை பூசினர். மிகையானது இருந்தது, ஆனால் அது தன்னை மிகையென்று அறிவித்துக்கொண்டே நின்றது. இன்றைய மென்பொருளில் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும் பொத்தான் அதன் வழித்தோன்றல் எனலாம்.

ரிலேக்கள் வந்தபின் நெம்புகோல்களின் இடத்தைப் பொத்தான் பலகை பிடித்தது. இந்திய ரயில்வேயில் ஒரு வண்டிக்குப் பாதை அமைக்க, சிக்னல் பொத்தானையும் பாதைப் பொத்தானையும் ஒருசேர அழுத்த வேண்டும். இரண்டையும் ஒருசேர அழுத்த வேண்டும் என்ற ஏற்பாடு மனிதனுக்காகவும் அமைந்தது. முழங்கை பட்டோ கவனக்குறைவாலோ ஒரு பொத்தான் அழுந்தினால் எதுவும் நிகழாது. அமைத்த பாதையை அவசரமாக நீக்குவதற்கும் இரண்டு பொத்தான்கள் வேண்டும். அத்துடன் ஓர் எண்ணி ஒரு எண் முன்னேறும். அந்த எண் பதிவேட்டில் ஏறும். 120 வினாடிகள் கழிந்த பின்னரே பாதை விடுபடும். இங்கு மிகைமை என்பது திட்டமிட்ட தாமதம்.

பலகை கணினித் திரைக்கு மாறியபோது இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி மறைந்தது. சுட்டிக்கு அம்பு ஒன்றே. இரண்டு இடங்களை ஒருசேர அழுத்த அதனால் இயலாது. எனவே இரண்டு கைகளின் செயல், அடுத்தடுத்த இரண்டு சொடுக்குகளாகவும் 'உறுதியா?' என்று கேட்கும் பெட்டியாகவும் சுருங்கியது. அப்பெட்டியைப் படிக்காமலே 'ஆம்' என்று சொடுக்குவதைக் கணினி பயன்படுத்தும் அனைவரும் அறிவோம். வடிவம் எஞ்சியது, அது கோரிய கவனம் தேய்ந்தது.

ஆயினும் ரயில்வேயின் பெருந்துயர் மிகையான பொத்தானால் நேரவில்லை. 2022 மே 16 அன்று, ஹவுரா மாவட்டத்திலுள்ள பாங்க்ரா நயாபாஜ் என்னும் சிறு நிலையத்தில், சிக்னல் காட்டிய பாதை ஒன்றாகவும் வண்டி சென்ற பாதை வேறாகவும் அமைந்தன. தவறான கம்பி இணைப்பும் கேபிள் பழுதுமே காரணங்கள். ஓராண்டுக்குப் பின், 2023 ஜூன் 2 அன்று, ஹவுராவை அடுத்த ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயில், ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் பச்சை சிக்னலை நம்பிப் பக்கப் பாதைக்குள் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது. தடம்புரண்ட பெட்டிகள் ஹவுரா நோக்கிச் சென்ற பெங்களூரு ரயிலின்மீதும் மோதின. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாயிண்ட் நேர்ப்பாதைக்கு இருப்பதாகப் பலகை காட்டியது. தரையில் அது பக்கப்பாதைக்குத் திரும்பியிருந்தது. லெவல் கிராசிங் அருகே, இணைப்புப் பெட்டிக்குள் கம்பிகளின் பெயர்க்குறிகள் தவறாகவே பல ஆண்டுகள் இருந்தன என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கண்டறிந்தார். பாங்க்ரா நயாபாஜுக்குப் பின்னரேனும் திருத்த நடவடிக்கை எடுத்திருந்தால் இவ்விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அவருடைய அறிக்கை கூறியது.

அந்தப் பெயர்க்குறியும் ஒரு பொத்தானின் பெயரே. திரையில் தெரியாத பொத்தான், பராமரிப்புத் தொழிலாளி மட்டும் படிக்கும் பொத்தான். பெயரும் செயலும் பிரியும் இடமே குழப்பத்தின் பிறப்பிடம். இடைமுக வரலாற்றைத் திரைக்குள் மட்டும் தேடினால், மிகையென்று நாம் நீக்கத் துடிக்கும் இரண்டாம் பொத்தான் கண்ணில் படும். ஆளைக் கொல்லும் தவறான பெயர் கண்ணுக்குத் தப்பிவிடும். இத்துறையில் ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் பொத்தானிலிருந்து கம்பிவரை நடந்து பார்க்க வேண்டும்.