வராகனெடை எத்தனை கிராம்?

கருவேப்பிலங்குறிச்சி, பெண்ணாடம் பக்கத்துப் பெரியவர்களிடம் பிரசவ லேகியத்துக்குச் சாமான் கேட்டால் பலக் கணக்கில் சொல்வார்கள். "சுக்கு ரெண்டு பலம், ஓமம் ஒரு பலம் வாங்கிக்க." நாட்டு மருந்துக் கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் பலத்துக்கு 35 கிராம் என்று நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். பலத்தில் சிக்கல் இல்லை. அதற்குக் கீழே இருக்கும் வராகனெடையில்தான் சிக்கல்.

சித்த மருத்துவத்தின் எடைக்கணக்கு விதையில் தொடங்குகிறது. உளுந்து இரண்டு சேர்ந்தால் ஒரு குன்றி. குன்றி இரண்டு சேர்ந்தால் ஒரு மஞ்சாடி. 32 குன்றி ஒரு வராகனெடை. இன்றைய சித்த மருத்துவ நூல்களில் உள்ள மாற்று அட்டவணை குன்றிக்கு 130 மில்லிகிராம் வைக்கிறது. 32 ஆல் பெருக்கினால் 4.16 கிராம், அதை 4.2 என்று முழுமையாக்கிப் போட்டிருக்கிறார்கள். சரி.

இப்போது மேலிருந்து இறங்கி வருவோம். சென்னை மாகாணத்துக் கடைத்தெருக் கணக்கில் 10 வராகனெடை ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. வெள்ளைக்காரர் ஆட்சியில் பலம் 3 தோலா என்று நிலைபெற்றது. தோலா என்பது ஒரு வெள்ளி ரூபாயின் எடை, 180 கிரெய்ன். ஆக, பலம் 540 கிரெய்ன். அதாவது 35 கிராம். அதில் பத்தில் ஒன்று 3.5 கிராம்.

கீழிருந்து ஏறினால் 4.2, மேலிருந்து இறங்கினால் 3.5. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்!

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வராகன் ஒரு பொன் நாணயம். அரசு மாறினால், அக்கசாலை மாறினால் நாணயத்தின் எடையும் கொஞ்சம் மாறும். குன்றிமணியும் எல்லாச் செடியிலும் ஒரே கனத்தில் காய்ப்பதில்லை. வைத்தியர் தன் தராசு, தன் குன்றிமணி, தன் படி என்று வைத்துக்கொண்டிருந்தவரை கணக்கு அவருக்குள்ளேயே நேராகிவிடும்.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சமனெடை என்றால் எந்த அளவில் நிறுத்தாலும் திரிகடுகச் சூரணம் திரிகடுகச் சூரணம்தான். ஆனால் ஒரே மருந்தில் ரசமும் கந்தகமும் வராகனெடையில், சர்க்கரை பலத்தில், சாறு படியில் என்று வந்தால்? படியும் ஊருக்கு ஊர் வேறு. எட்டிக்கொட்டை, நாபி, பாஷாணம் சேரும் மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் அது விளையாட்டில்லை.

இங்கிலீஷ் மருந்து வந்தபோது அதன் எடையும் விதையாகவே வந்தது. கிரெய்ன் என்றால் தானியமணி, 64.8 மில்லிகிராம், கிட்டத்தட்ட நம் உளுந்தெடை! 60 கிரெய்ன் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். மருந்துக்காரரின் அவுன்ஸ் 480 கிரெய்ன். மளிகைக்காரரின் அவுன்ஸ் 437.5 கிரெய்ன். ஒரே பெயரில் இரண்டு எடை என்ற வியாதி அங்கேயும் இருந்தது. கம்பவுண்டர் பீங்கான் உரலில் பொடி அரைத்து, மிக்சரைக் கலந்து புட்டியில் ஊற்றி, பக்கவாட்டில் பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றை ஒட்டித் தருவார். ஒரு வேளைக்கு ஒரு பல். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அளவு தப்பாது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1955ல் இந்திய பார்மகோபியாவின் முதல் பதிப்பு வந்தது. 1956ல் எடை அளவுத் தரச் சட்டம். 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. மருந்துக்கடையில் கிரெய்னும் கிராமும் பக்கத்துப் பக்கத்தில் நின்ற காலம் அது. காதுக்கு இரண்டும் ஒன்று போலத்தான். ஆனால் ஒரு கிராமுக்கு 15.4 கிரெய்ன். மார்பின் கால் கிரெய்ன் என்றால் 16 மில்லிகிராம், வலி அடங்கும். கால் கிராம் என்றால் 250 மில்லிகிராம், ஆளே அடங்கிவிடுவார். பழைய கிரெய்னின் சுவடு இன்னும் போகவில்லை. 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் என்பது 5 கிரெய்ன்தான். பினோபார்பிட்டோன் 30, 60 என்று வருவதும் அரை கிரெய்ன், ஒரு கிரெய்ன் கணக்கின் மிச்சம்.

கிரெய்ன் போனதும் குழப்பம் தீர்ந்துவிட்டதா? இன்று அது வீட்டுக்குள் வந்திருக்கிறது. ஒரு டீஸ்பூன் என்று முன்பு சொன்னது திரவ டிராமை, ஏறக்குறைய 3.5 மில்லி, இப்போது சொல்வது 5 மில்லி, சமையலறை ஸ்பூன் இரண்டுக்கும் கட்டுப்படாது. பாரசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் ஒன்று, 250 ஒன்று. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100. டாக்டர் 150 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னால் முதல் புட்டியில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சலில் அனத்தும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அம்மா இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

அந்தக் காலத்துக் கம்பவுண்டர் கணக்கைத் தன் மேசையிலேயே முடித்து, காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டார். இப்போது மூடியோடு வரும் அளவுக் குப்பியில் கோடு இருக்கிறது. எந்தக் கோடு வரைக்கும் என்று மருந்துக்கடைக்காரர் பேனாவால் ஒரு குறி போட்டுக் கொடுத்தால் போதும், அந்த வேலை திரும்ப அதன் இடத்துக்கு வந்துவிடும்.