சோதனைக் காட்சிகளிற் சொல்லொருமை

ஒரு பொருளுக்கு ஒரு சொல்லையே வரையறுத்து வழங்கும் முயற்சி நம்மவர்க்குப் புதியதன்று. சோழர் காலத்து ஊர்ச்சபைகள் நிலக்கொடைகளின் எல்லையையும் இறையையும் வழக்கமான வாய்பாடுகளாலேயே கல்லிற் பொறித்தன. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன், நூல்களோடு கலைச்சொற் பட்டியல்களையும் ஆக்கினார். பின்னர் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஈழத்து மாணவன் ‘ஒட்சிசன்’ என்பதைத் தமிழகத்து மாணவன் ‘ஆக்சிஜன்’ என்பான். ஆயினும் இருவரும் ஒரு பொருளையே கருதுகின்றனர் என்பதை மனித அறிவு உய்த்துணரும். எந்திரத்துக்கு அவ்வுணர்வு இல்லை. இவ்வேறுபாடே மென்பொருட் சோதனை வரலாற்றில் ஒரு சிக்கலாயிற்று.

மென்பொருளின் நடத்தையை முதலில் எளிய வாக்கியங்களால் எழுதி, அவ்வாக்கியங்களைக் கொண்டே அதனைச் சோதிக்கும் முறையை 2003ஆம் ஆண்டளவில் டான் நோர்த் என்பார் உருவாக்கத் தொடங்கினார். கிறிஸ் மற்ஸ் என்பாரும் துணைநிற்க, முன்னிலை, செயல், விளைவு என்னும் மூவகைப் படிகளாற் காட்சிகளை அமைக்கும் முறை நிலைபெற்றது. 2008இல் அஸ்லக் ஹெல்லசோய் ‘கியூக்கம்பர்’ என்னும் கருவியை வெளியிட்டார். அதன் காட்சிமொழி பல மொழிகளுக்கு இடந்தருகின்றது. தமிழும் அவற்றுள் ஒன்று.

இதன் இயக்கம் எளிது. ஒவ்வொரு படிவாக்கியத்துக்கும் பொருத்தமான நிரற்றுண்டு ஒன்று இருத்தல் வேண்டும். கருவி வாக்கியத்தின் எழுத்துக்களை ஒப்பிட்டே அதனைக் கண்டடையும். பொருந்துவது இன்றேல் படி வரையறுக்கப்படாததாகும். இரண்டு பொருந்தின் ஐயத்துக்கிடமாகும்.

புத்தளக் கரையிலுள்ள பள்ளிவாசல்துறையில் இறக்கப்படும் மீனைப் பதியும் மென்பொருள் ஒன்றைக் கருதுவோம். ஒருவர் ‘பள்ளிவாசல்துறையில் 10 கிலோ மீன் பதியப்பட்டுள்ளது’ என எழுதுகின்றார். புணர்ச்சி விதியறிந்த மற்றொருவர் ‘பள்ளிவாசற்றுறையிற் பத்துக் கிலோ மீன் பதிவாயிற்று’ என்கின்றார். இலக்கணத்தால் இரண்டும் வழுவற்றவை, எந்திரத்துக்கோ வெவ்வேறானவை. கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் ‘கொ’ என்னும் எழுத்தும் கணினியில் இருவேறு குறியீட்டு வரிசைகளாற் பதியப்படக்கூடும். ஆதலின் இவ்விடர் தமிழில் இன்னும் மிகுதி எனலாம்.

இதனால் விளையும் கேடு வேலைமிகுதி மட்டுமன்று. இரண்டாவது வாக்கியத்துக்கெனப் புதியதொரு நிரற்றுண்டு எழுதப்படும். காலப்போக்கில் முன்னையது திருத்தப்பட, பின்னையது பழையபடியே நிற்கும். அப்பொழுது ஒரே பொருளுடையவை போலத் தோன்றும் இரு வாக்கியங்கள் இருவேறு செயல்களைப் புரியும். நிரலறியாத வணிகரும் அலுவலரும் படித்துத் தெளிதற்கென எழுந்த காட்சி, அவர்களையே மயக்கும் பொய்ச்சான்றாய் முடியும்.

பரிகாரங்கள் அறியாதனவல்ல. பொதுச் சொற்பட்டியல் ஒன்றை வைத்தல். புதுப்படி எழுதுமுன் பழையவற்றைத் தேடுதல். எண்ணையும் பெயரையும் மாறுமிடங்களாக விட்டு வாக்கியத்தை நிலையாக்கல். செய்பவர், காலம், வினைவடிவம் ஆகியவற்றை ஒருவகைப்படுத்தல். பதியுமுன் எழுத்துக் குறியீடுகளைச் சீராக்கல் என்பன அவை. எனினும், நுண்ணிய வேறுபாடுடைய இரு பொருள்களை ஒரே வாக்கியத்துள் அடக்குதலும் தவறேயாம். பொருள் ஒன்றாயின் சொல் ஒன்று. பொருள் வேறாயின் சொல்லும் வேறு என்க.

ஆசிரியராகிய நமக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப வழங்காதே என மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். அழகை நாடும் எழுத்துக்கு அது தகும். சட்டம், மருத்துவக் குறிப்பு, சோதனைக் காட்சி ஆகியவற்றிலோ சொன்ன சொல்லையே மீண்டும் சொல்லுதல்தான் நேர்மை. எவ்விடத்து எவ்வொழுங்கு வேண்டும் என்பதையும் மொழிப்பாடத்திலேயே கற்பித்தல் நம் கடனாகும்.