ஹாரி லாடர்

சர் ஹாரி லாடர் (4 ஆகஸ்ட் 1870 – 26 பிப்ரவரி 1950) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மேடை நகைச்சுவைக் கலைஞர், பாடகர், பாடலாசிரியர். 14 வயது தொடங்கிப் பத்தாண்டுகள் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலிக்கு உழைத்தவர். பிறகு பிரிட்டனின் மியூசிக் ஹால் மேடைகளில் ஏறி, முதல் உலகப் போருக்கு முன்பே உலகில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் கலைஞர்களுள் ஒருவரானார்.

குயவர் வீட்டுப் பிள்ளை

எடின்பரோவை ஒட்டிய கடற்கரை ஊரான போர்ட்டபெல்லோவில் பிறந்தார். அது மண்பாண்டத் தொழில் நடந்த ஊர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கல்லால் கட்டிய, புட்டி வடிவ மண்பாண்டச் சூளைகள் இரண்டு இன்றும் அங்கே நிற்கின்றன. தந்தை ஜான் லாடர் கைதேர்ந்த மண்பாண்டக் கலைஞர். ஏழு பிள்ளைகளில் ஹாரி மூத்தவர். பீங்கான் வடிவமைக்கும் வேலை கிடைத்து 1882-இல் குடும்பம் இங்கிலாந்தின் டார்பிஷயருக்குக் குடிபெயர்ந்தது. போன சில மாதங்களிலேயே தந்தை நிமோனியா கண்டு இறந்துவிட்டார். தாய் இசபெல்லா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக்கே திரும்பி, ஆர்ப்ரோத் என்ற ஊரில் தங்கினார். அங்கே ஹாரி பாதி நேரம் பள்ளியிலும் பாதி நேரம் சணல் போன்ற ஆளி நார் ஆலையிலுமாக இருந்தார். ஆலைகளில் பிள்ளைகளை இப்படி வேலைக்கு வைப்பது அன்றைய சட்டத்துக்கு உட்பட்டதே.

1884-இல் குடும்பம் ஹாமில்டன் நகருக்கு வந்தது. எடில்வுட் சுரங்கத்தில் வாரம் பத்து ஷில்லிங் கூலிக்கு ஹாரி வேலையில் சேர்ந்தார்.

பீங்கானும் நிலக்கரியும் ஒரே குடும்பத்துக்குள் வருவது விருத்தாசலம் வட்டாரத்தாருக்கு அந்நியமாகத் தோன்றாது. ஊருக்குள் அகல்விளக்கும் பொம்மையும் செய்யும் செராமிக் தொழிற்பேட்டை, கொஞ்ச தூரத்தில் நெய்வேலி. ஆனால் நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். ராட்சத இயந்திரங்கள் மேல்மண்ணை அகற்ற, பழுப்பு நிலக்கரி வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. லாடர் இறங்கிய குழிகளில் வானம் கிடையாது. கூண்டில் நின்றபடி செங்குத்தாகக் கீழே போக வேண்டும். கையிலோ தொப்பியிலோ இருக்கும் சிறு விளக்குதான் வெளிச்சம். வெட்டிய கரியைத் தொட்டிகளில் ஏற்றினால் தண்டவாளத்தில் அவற்றை இழுப்பவை மட்டக்குதிரைகள். நிலத்தடியிலேயே அவற்றுக்கு லாயம் உண்டு. பல குதிரைகள் ஆண்டுக்கணக்கில் பகல் ஒளியைப் பார்க்காமலே உழைத்தன. லாடர் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், 28 மே 1887 அன்று, அதே ஹாமில்டனில் உள்ள அட்ஸ்டன் சுரங்கம் வெடித்து 73 பேர் இறந்தார்கள்.

மேடைக்கு வந்த வழி

சுரங்கத்தில் உடன் வேலை செய்தவர்களுக்காகப் பாடத் தொடங்கியவர் லாடர். அவர்கள்தாம் ஊர் மன்றங்களில் பாடச் சொல்லித் தூண்டினார்கள். லார்க்கால் என்ற ஊரில் பாடி ஐந்து ஷில்லிங் வாங்கினார். கிளாஸ்கோவில் கிறிஸ்டினா பெய்லிஸ் என்ற அரங்க உரிமையாளர் புதியவர்களை மேடையேற்றும் இரவுகளை நடத்தினார். ஊர் ஊராகப் போய் அனுபவம் சேர்க்கும்படி லாடருக்குச் சொன்னவர் அவரே. 1891-இல் சுரங்க மேலாளரின் மகள் நான்ஸியை லாடர் மணந்துகொண்டார். 1894 வாக்கில் சுரங்கத்தை விட்டு முழுநேரக் கலைஞரானார்.

மியூசிக் ஹால் என்பது மதுக்கடைப் பாட்டுக் கூடங்களிலிருந்து வளர்ந்த 19-ஆம் நூற்றாண்டுப் பொழுதுபோக்கு அரங்கம். பாட்டு, நையாண்டி, வித்தை, நடனம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நம் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் தனியாக வந்து பாடியும் பேசியும் கூட்டத்தைக் கையில் எடுப்பதுபோல, அங்கும் கலைஞர் தனித்து நின்று சில நிமிடங்களில் அரங்கை வென்றாக வேண்டும். பல்லவியைக் கூட்டமே சேர்ந்து பாடும். 19 மார்ச் 1900 அன்று லண்டனின் காட்டி அரங்கில் லாடருக்குக் கிடைத்தது, நிகழ்ச்சி நிரலில் இல்லாத உபரி வாய்ப்பு. அன்றே அவர் பெயர் நிலைத்துவிட்டது.

1905-இல் கிளாஸ்கோ ராயல் தியேட்டரின் 'அலாவுதீன்' நாடகத்துக்காக அவர் எழுதிய 'ஐ லவ் எ லாஸி' நாடு முழுக்கப் பரவியது. 1907-இல் முதன்முறை அமெரிக்கா போனார். பின்னர் இருபது முறைக்கு மேல் அங்கே பயணம் செய்தார். 1912-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன் நடந்த முதல் அரச நிகழ்ச்சியில் பாடினார். பத்து லட்சம் இசைத்தட்டுகள் விற்ற முதல் பிரிட்டிஷ் கலைஞர் அவர்தான் என்பது வழக்கமான கணக்கு. படங்களிலும் நடித்தார், அவை அவருடைய மேடைக்கு ஈடாகவில்லை.

புகழின் உச்சியிலும் சுரங்கத்தை அவர் மறக்கவில்லை என்பதற்கு உறுதியான சான்று மட்டக்குதிரைகள். 1911-இல் நாடாளுமன்ற வளாகத்தில் உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சிலைச் சந்தித்தபோது அவற்றுக்காக வாதாடினார். அந்த ஆண்டு நிறைவேறிய நிலக்கரிச் சுரங்கச் சட்டம் குதிரைகளின் பராமரிப்புக்கும் விதிகளை வகுத்தது. அரண்மனைக் கச்சேரிகளைவிட அவருடைய வாழ்க்கையில் இதுவே பெரிய செயல்.

போரும் மகனும்

போர்க்காலத்தில் படைக்கு ஆள் சேர்க்கப் பாடினார். ஒரே மகன் கேப்டன் ஜான் லாடர் 28 டிசம்பர் 1916 அன்று பிரான்சில் கொல்லப்பட்டார். சேதி வந்த சில நாட்களில் லாடர் லண்டன் மேடைக்குத் திரும்பினார். 1917-இல் போர்முனைக்கே போய்ப் படைவீரர்களிடையே பாடினார். ஊனமுற்ற வீரர்களுக்காகப் பத்து லட்சம் பவுண்டு நிதி திரட்டும் இயக்கத்தைத் தொடங்கினார். 1919-இல் கிடைத்த சர் பட்டம் இந்தப் பணிகளுக்கானது. மகனை இழந்த துயரத்தோடு சேர்த்து நினைக்கப்படும் 'கீப் ரைட் ஆன் டு தி எண்ட் ஆஃப் தி ரோட்' பாடலை பர்மிங்காம் சிட்டி கால்பந்து ரசிகர்கள் இன்றும் திடலில் பாடுகிறார்கள்.

மதிப்பீடு

கட்டம்போட்ட கில்ட் பாவாடை, குல்லாய், முறுக்கிய கைத்தடி, கஞ்சத்தனப் பேச்சு என்று லாடர் கட்டிய வேடம் உலகத்தின் கண்ணில் ஸ்காட்லாந்துக்காரரின் உருவமாகவே பதிந்துபோனது. கவிஞர் ஹியூ மெக்டயர்மிட் இதைக் கடுமையாக வெறுத்தார். ஒரு நாட்டையே கேலிப்பொருளாக்கியது அந்த வேடம் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. வில்லுப்பாட்டிலிருந்து வந்து, சிரிப்போடு சீர்திருத்தத்தையும் சேர்த்துக் கொடுத்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை அறிந்த தமிழ் ரசிகருக்கு, லாடரின் பாட்டில் அந்தக் கூர்மை குறைவாகவே தெரியும். ஆனால் களைத்த உழைப்பாளிகளை ஒரே குரலில் பாடவைக்கும் திறனை அவர் எந்த வேடத்திலிருந்தும் பெறவில்லை. அது எடில்வுட் குழியில் கற்றது.

ஸ்ட்ராதேவனில் உள்ள தம் வீட்டில் இறந்த அவர், ஹாமில்டனின் பெண்ட் கல்லறையில் புதைக்கப்பட்டார். அவருடைய பழைய இசைத்தட்டுகள் பல இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. புதிதாகக் கேட்பவர்கள் 'ஸ்டாப் யுவர் டிக்ளிங், ஜாக்' என்ற பாட்டிலிருந்து தொடங்கலாம். நடுவே அவர் அடக்கமாட்டாமல் சிரிக்கும் சிரிப்புக்கு மொழி தெரிய வேண்டியதில்லை.