டிஸ்க் கோல்ஃப் கூடை: வரலாறும் பயிற்சிக் கூடைத் தேர்வும்

டிஸ்க் கோல்ஃப் என்பது பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகப் பறக்கும் தட்டைக் கொண்டு ஆடப்படும் கோல்ஃப் வகை விளையாட்டாகும். குறைந்த வீச்சுகளில் தட்டை இலக்கில் சேர்ப்பவரே வெற்றி பெறுவார். இன்றைய இலக்கு, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. ஆனால் தொடக்கத்தில் கூடை என்று ஒன்று இருக்கவில்லை.

கம்பமே இலக்கு

மரம், குப்பைத் தொட்டி, விளக்குக் கம்பம் என்று எது கண்ணில் பட்டதோ அதையே இலக்காகக் கொண்டு முற்காலத்தில் ஆடினர். அமெரிக்காவின் வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக், பிரிஸ்பீ தட்டு நிலையாகப் பறக்கும்படி அதன் வடிவைத் திருத்தி 1967இல் காப்புரிமை பெற்றவர். அவர் வடிவமைத்த முதல் நிரந்தரத் திடல் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைந்தது. அங்கும் முதலில் கம்பங்களே இலக்குகள். தட்டு கம்பத்தைத் தொட்டதா, உரசாமல் சென்றதா என்று ஆட்டக்காரர்களிடையே வாக்குவாதம் எழுந்தது.

சங்கிலி தந்த தீர்ப்பு

இதற்குத் தீர்வாக, கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகளும் அவற்றின் கீழே கூடையும் கொண்ட இலக்கை ஹெட்ரிக் உருவாக்கினார். சங்கிலிகள் தட்டின் வேகத்தை உறிஞ்சிக்கொள்ள, தட்டு கூடைக்குள் விழும். உள்ளே கிடக்கும் தட்டே சாட்சி, தகராறுக்கு இடமில்லை. இதற்கான காப்புரிமை 1977இல் கிடைத்தது. தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் அவரே 1976இல் நிறுவினார்.

பயிற்சிக் கூடையைத் தேர்ந்தெடுத்தல்

பின்னாளில், மடித்து எடுத்துச் செல்லும் கூடைகள் வந்தன. திடல் அருகில் இல்லாதவரும் இவற்றைக் கொண்டு வீட்டு முற்றத்திலேயே பழகலாம். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று எறிவது 'பட்டிங்' எனப்படும். ஆட்டத்தின் முடிவு பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் தீர்மானமாகிறது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

சங்கிலி: எண்ணிக்கை குறைந்து, கனமும் குறைந்தால் நேராக வந்த தட்டும் இடையே புகுந்து வெளியேறும், அல்லது பட்டுத் தெறிக்கும். சரியாக எறிந்த மாணவர் தம் கையையே சந்தேகிக்க நேரும்.

அளவு: உயரமும் அகலமும் திடல் கூடையை ஒத்திருக்க வேண்டும். அகலமான கூடையில் பழகியவர் போட்டியில் தடுமாறுவார். சிறிய கூடை குறியைக் கூர்மையாக்கும். ஆனால் புதியவரைச் சோர்வடையச் செய்யும்.

நிலைப்பு: அடித்தளம் இலேசாக இருந்தால் காற்றிலோ வேகமான வீச்சிலோ சாயும்.

எடை: நாள்தோறும் தூக்கிச் செல்பவருக்குத் துணிக்கூடையுடன் கூடிய இலேசான வகை போதும். முற்றத்திலேயே வைத்திருப்பவர் கனமான இரும்புக் கூடையை வாங்கலாம்.

சங்கம் கூடைகளை அடிப்படை, நிலையான, சாம்பியன்ஷிப் என மூன்று நிலைகளாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. போட்டியில் பங்கேற்க விரும்புவோர் அங்கீகார நிலையையும் பார்த்து வாங்குவது நல்லது. எறிந்தது சரியா தவறா என்பதை ஐயமின்றிக் காட்டவே 1970களில் கூடை பிறந்தது. பயிற்சிக் கூடையும் அதைச் செய்கிறதா என்று பார்த்த பிறகே விலையைப் பார்க்க வேண்டும்.